பொருந்தலில் நெல், தாண்டிக்குடியில் மிளகு

பழனியிலிருந்து தென்மேற்கே 12 கிலோமீட்டர் போனால் பொருந்தல். மலை எழும் இடத்தில் வயலும் தென்னந்தோப்புமாக ஒரு சின்ன ஊர். 2009, 2010-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழு இங்கே அகழாய்வு செய்தது. ஓர் ஈமக்குழியில் நான்கு கால் சாடி. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். காலம் கி.மு. 490 என்று கணிப்பு வந்தது. பானை வைக்கும் பிரிமனை ஒன்றில் 'வய்ர' என்று தமிழ் பிராமி எழுத்து. இன்றும் வாய்க்கரிசி போடுகிறவர்கள்தானே நாம். அந்தச் சாடி எனக்கு வேற்று ஆள் வீட்டுச் சாமானாகத் தோன்றவில்லை.

நெல் சரி, வயல்காட்டு ஊர். ஆனால் குடியிருப்பு மேட்டில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மணி செய்த உலையும் கிடைத்தது. ஒரு சிற்றூருக்கு அத்தனை மணி எதற்கு? மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதுரைக்குப் போன பெருவழியில் இந்த ஊர் இருந்தது. உழவும் உலையும் ஒரே ஊரில். நகரம் வேறு, பட்டிக்காடு வேறு என்று நாம் போடும் கோடு அன்றைக்கு இங்கே செல்லாது.

மறுநாள் கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடி. காப்பிச் செடிகளும் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகளும் சூழ்ந்த மலையூர். இங்கும் அகழாய்வு நடந்திருக்கிறது. பழங்கால ஈமச்சின்னமான ஒரு கற்திட்டையின் முன் குனிந்து பார்த்தேன். மூன்று பக்கம் நிறுத்திய பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், உள்ளே ஈரச் சருகு. மூடுகல்லின் அடியில் கை வைத்தால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பாட்டி சாக்கில் மிளகு காயவைத்து, காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல இங்க என்ன பாட்டி வெளியிலிருந்து வரும்?"

"உப்பும் கருவாடும்தான் தம்பி. மத்தது மலையில இருக்கே."

அதிலிருந்து மனம் நகரவில்லை. உப்பு கரைந்துவிடும், மிளகு மக்கிவிடும். கொண்டுவந்தவன், கொடுத்தவன் யாருக்கும் தடயம் இல்லை. மணி மட்டும் மண்ணில் நிற்கிறது. கல்லறையில் ஒரு மணி கிடைத்தால், அதோடு மலையேறிய உப்பு மூட்டையையும் இறங்கிய மிளகையும் நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரைக் கிலோ மிளகு வாங்கிக்கொண்டேன். வத்தலக்குண்டு பேருந்தின் மேல் வாழைத்தார் ஏற்றி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.