"சுகரா சார் உங்களுக்கு?"

சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்று சொன்னதும் டீக்கடை மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டபோது அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் நாலு பேர். "இல்லண்ணா, இன்னும் வரல" என்றேன். பொய்யில்லை. மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1. சர்க்கரை நோய்க்கு வாசல்படி. எடை 91 கிலோ.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தினம் ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயங்கால போண்டா, ராத்திரி பரோட்டா எல்லாம் தனிக்கணக்கு.

சர்க்கரையை நிறுத்திய முதல் வாரம் தலைவலி. வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் பத்தே நாளில் இரண்டரை கிலோ குறைந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு டாக்டரிடம் போனால், "அதுல பாதிக்கு மேல தண்ணி" என்றுவிட்டார். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து தண்ணீரையும் பிடித்து வைத்திருக்குமாம். அது கரையும்போது கூடவே தண்ணீரும் போகிறது.

அப்புறம் ஐந்து வாரம் முள் அசையவே இல்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவுக்குப் பாலக்கோட்டுப் பக்கம். வெல்லம் போட்ட காபியை நீட்டி, "இது சர்க்கரை இல்லடா, ஒண்ணும் பண்ணாது" என்பார். நானும் நம்பினேன். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான்; நிறம்தான் வேறு.

அடுத்தது களி. எங்கள் ஊரில் ராகிக் களி என்றால் மருந்து மாதிரி. ஆனால் 100 கிராம் ராகியிலும் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. தாத்தா இரண்டு உருண்டை தின்றுவிட்டுக் கொல்லையில் ஏர் ஓட்டினார். நான் தின்றுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவோடு இதற்கு ஒரு சண்டையே நடந்தது. கடைசியில் ஒரு சின்ன உருண்டை, அதற்கு இரண்டு பங்கு கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் என்று சமாதானமானோம். சோறு மதியம் மட்டும், ஒரு கரண்டி. பசி தெரியாமல் இருந்ததற்குக் கொள்ளுக்கும் முட்டைக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எடை மறுபடி இறங்க ஆரம்பித்த நேரம் பார்த்து மாம்பழ சீசன் வந்தது. மச்சானுக்குக் கிருஷ்ணகிரி. ஒரு பெட்டி செந்தூரா அனுப்பிவிட்டார். வீடெல்லாம் வாசனை. எத்தனை தின்றேன் என்று எழுத மாட்டேன். ஒன்றரை கிலோ ஏறியது. பிறகு பெங்களூரா காயை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு நாலு துண்டோடு நிறுத்தப் பழகினேன்.

எட்டு மாதத்தில் 80 கிலோ. ஹெச்பிஏ1சி 5.6. பேண்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. இந்த வருஷம் அரைப் பெட்டி போதும் என்று மச்சானிடம் இப்போதே சொல்லிவிட்டேன். போனில் சிரிக்கிறார்.