93-ஐத் தாண்டாத இணையம்: செந்தூல் வீட்டில் மூன்று வாரம்

மாதாமாதம் நொடிக்கு 500 மெகாபிட் இணைய வேகத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டு 93 மெகாபிட்டில் மூன்று வாரம் ஓட்டினேன். நேற்று மாலைதான் சரியானது. இதே அலைச்சல் இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

கோலாலம்பூரின் செந்தூலில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். விண்ணப்பம், பொருத்தும் நாள் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன; அதில் குறை இல்லை. ஃபைபர் கம்பி வாசல் கதவுக்கு மேலே வந்து மோடத்தில் முடிகிறது. வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் ரவுட்டர் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். இரண்டையும் இணைக்க, சுவருக்குள் ஏற்கெனவே ஓடிய பழைய லேன் கேபிளையே பயன்படுத்திக்கொண்டார்கள். பொருத்த வந்தவர் தம் கைப்பேசியில் வேகத்தைக் காட்டினார். தொண்ணூற்றுச் சொச்சம். “வைஃபை என்றால் இப்படித்தான் புவான், கேபிளில் முழுதாக வரும்” என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். கேபிளில் சோதித்துக் காட்டும்வரை அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கக் கூடாது.

அன்றிரவே மடிக்கணினியை ரவுட்டரில் கேபிளால் இணைத்துப் பார்த்தேன். 93.6. மறுநாள் காலை 93.4. நள்ளிரவில் எழுந்து பார்த்தாலும் 93.8.

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். முதல் அழைப்பில் 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். இரண்டாவது அழைப்பில் ரவுட்டர் பழையதாக இருக்கலாம் என்றார் ஒரு பெண். அதைக் கேட்டு 289 ரிங்கிட் கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கினேன். அதிலும் அதே 93. அந்தப் பணம் இன்னும் மனத்தை அறுக்கிறது.

மூன்றாவது அழைப்புக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கும் 1 மணிக்கும் இடையே தொழில்நுட்பர் வருவார் என்று உறுதி சொன்னார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போனால்கூட அழைப்பு மணி கேட்காதோ என்று அதையும் தள்ளிப்போட்டேன். 12.40க்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. யாரும் கதவைத் தட்டவில்லை. கீழே இறங்கிக் காவலர் அறையின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அன்று காலை அந்த நிறுவனத்திலிருந்து ஒருவரும் கையெழுத்திட்டு உள்ளே வரவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் கைகொடுத்தது.

அன்று மாலை மின்தூக்கியில் மேல்மாடி அண்ணனைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி இழுத்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றையும் கொட்டினேன். “எண் ஏறி இறங்குகிறதா தங்கச்சி, இல்லை ஒரே இடத்தில் முட்டி நிற்கிறதா?” என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

அவர் விளக்கியது இதுதான். வெளியே நெரிசல் என்றால் இரவு ஒன்பது மணிக்கு வேகம் இறங்கி விடியற்காலையில் ஏறும். ஃபைபரே அடிபட்டிருந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். எந்நேரமும் 93, 94 என்று நிற்கிறது என்றால், நடுவில் ஏதோ ஒன்று 100 மெகாபிட் இணைப்பாக ஓடுகிறது. அந்த நூறில், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலுறைக்கும் கொஞ்சம் போய்விடுவதால் நம் கைக்கு வருவது அதிகம் போனால் 94, 95தான். மடிக்கணினி அமைப்புகளில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டியதைச் சொன்னேன். அது மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வேகம். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் இடையே பார்க்க வேண்டும் என்றார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். மோடம் பக்கத்துத் துளையில் 100 என்று இருந்தது.

ரவுட்டரைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய், செருப்பு அலமாரி மேல் வைத்து, ஒரு மீட்டர் கேபிளால் நேராக மோடத்தில் செருகினோம். 512. மகள் கைதட்டினாள்.

அடுத்து, கூடத்துச் சுவரில் இருந்த பிளாஸ்டிக் மூடியை அண்ணன் கழற்றினார். வண்ணம் பூசியபோது ஓரமெல்லாம் அடைபட்டிருந்ததால் கத்தியால் கீறித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியவை. ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் மட்டும் லேன் கேபிளைச் செருகும் முனையில் அழுத்தப்பட்டிருந்தன. நீல இணை பக்கத்துத் தொலைபேசி முனைக்குப் போயிருந்தது. பழுப்பு இணை கேபிளின்மேல் சுற்றி விடப்பட்டிருந்தது. 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். எட்டு இல்லையென்றால் கேபிளின் இரு பக்கக் கருவிகளும் ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் நூறுக்கு இறங்கிக்கொள்கின்றன. பொருத்த வந்தவர் மோடத்தடியிலும் ரவுட்டரடியிலும் ஒவ்வொரு முறை சோதித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

புகாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் இணையவழியாக முறையிட்டேன். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு அழைப்பிலும் எண்ணைக் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். பதிவேட்டுப் படத்தையும் இணைத்தேன். இரண்டு நாளில் நிறுவனத்திலிருந்து மேற்பார்வையாளரே அழைத்து மன்னிப்புக் கேட்டார். ஆனால், சுவருக்குள் இருக்கும் கேபிள் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அந்தக் கேபிளில் மோடத்தைச் செருகிவிட்டுப் போனது அவர்கள் ஆள்தானே என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்று வாரக் கட்டணத்தைக் கழிக்க எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

நேற்று கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் சுவரில் பொருத்தும் லேன் முனைகள் இரண்டு வாங்கி வந்தேன். கம்பியை அழுத்தும் கருவி அண்ணனின் பழைய பிஸ்கட் டின்னில் இருந்தது. வாசல், கூடம் இரண்டு பக்கமும் ஒரே வண்ண வரிசையில் எட்டையும் அழுத்தினார். அரை மணி நேர வேலை. ரவுட்டர் பக்கத்தில் 1000 என்று வந்தது, வேகம் 508.

நீங்களே சோதிப்பதானால் ஒன்று கவனியுங்கள். மடிக்கணினியில் லேன் துளை இல்லாமல் யு.எஸ்.பி. இணைப்பான் வைத்திருந்தால், மலிவானவற்றில் பல 100 மெகாபிட்டுக்கு மேல் போகாதவை. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். கைப்பேசியில் பார்ப்பதானால் வேகம் கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாருங்கள்.

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள்தான் கம்பி இழுத்தாராம். ஏழாம் மாடியில் ஒரு குடும்பம் ஒரு வருடமாக 94-இல் ஓட்டுகிறது. சனிக்கிழமை காலை அண்ணன் டின்னோடு அங்கே போகிறார்.