சர்வ் வேகமும் ராமநாதன் கிருஷ்ணனும்

டென்னிஸ் கற்றுக்கொடுப்பது என் தொழில். பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்களில் பலர் முதல் வாரத்திலேயே, "சார், சர்வ் வேகம் எப்போது கூடும்?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்களிடம் அந்தக்கால இந்திய டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். பின்னாளில் ஆடிய ரமேஷ் கிருஷ்ணனின் தந்தை என்றால்தான் சிலருக்குப் பிடிபடும்.

கிருஷ்ணனின் சர்வ், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் முதலில் அடிக்கும் அடி, யாரையும் மிரட்டியதில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க உதவியது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே, வேகமாகச் சர்வ் போடுபவர்களுக்குச் சாதகமான விம்பிள்டன் புல்தரையில் 1960, 1961 என அடுத்தடுத்து அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். அரையிறுதிகளில் அவரை வென்ற நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும்தான் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள்.

பயிற்சியாளனான எனக்கு அவருடைய இளமைக்காலம்தான் இன்னும் சுவையானது. 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தை டி.கே. ராமநாதன் தாமே ஆட்டக்காரர். மகனுக்கு அவரே குரு. பந்தைப் பிசகாமல் திருப்புவது, நினைத்த இடத்தில் வைப்பது என்று வளர்ந்த ஆட்டம் அது. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் வீரர் அவர். இறுதியில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் 1958இல் விம்பிள்டன் சாம்பியனே ஆகிவிட்டார்.

அப்பாவே குருவாக இருப்பது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டு வாங்கி, ராக்கெட்டைத் தொடவே வெறுத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனவே கிருஷ்ணன் கதையில் அப்பாக்களுக்கு நான் அழுத்திச் சொல்வது கண்டிப்பை அல்ல, பொறுமையை. என்னிடம் வரும் சிறுவர்கள் பந்தைத் தொடர்ந்து திருப்பப் பழகிய பிறகுதான் சர்வுக்கு வருவார்கள். இதனால் வேறு இடம் தேடிப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது 1966இல் கல்கத்தாவில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை ஆட்டம். இந்தியாவும் பிரேசிலும் 2-2 என்று நிற்க, முடிவு கடைசி ஆட்டத்தின் கையில். பிரேசில் வீரர் தாமஸ் கோச் இரண்டு செட்களை எடுத்திருந்தார், கிருஷ்ணனிடம் ஒன்றுதான். நான்காவது செட்டிலும் கோச் 5-2 என்று முன்னே. அங்கிருந்து அந்தச் செட்டை 7-5 என்று பிடுங்கி, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார் கிருஷ்ணன். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒரு வெற்றியும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப்–ரோச் இணையை வீழ்த்திப் பெற்றது.