இரண்டு குடியுரிமையோடு துடுப்பு வலித்தேன்

போன மாதம் பினாங்கின் தெலுக் பஹாங் அணைக்கட்டில் டிராகன் படகுப் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என் மகளுக்கு 15 வயசும்மா. லண்டன்ல பிறந்தவ. ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கு. தனிப் படகு நல்லா வலிக்கிறா. எந்த நாட்டுக்காகப் போட்டியிடலாம்?" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எனக்கு அந்த வயதில் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் 1998 ஏப்ரலில் மெல்பர்னில் பிறந்தேன். அப்பா பட்டர்வொர்த்காரர், அம்மா கெலுகோர். இருவரும் அப்போது ஆஸ்திரேலியாவில் நிரந்தரவாசிகள். 1986 ஆகஸ்ட் 20 முதல் ஆஸ்திரேலியாவில் பிறக்கிற குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் பிறப்பிலேயே குடியுரிமை. எனக்கு அது கிடைத்தது. அப்பா இந்த மண்ணில் பிறந்த மலேசியர், முறைப்படி திருமணமானவர் என்பதால் மலேசியக் குடியுரிமையும் சட்டப்படி தானாக வந்தது.

அந்த அக்கா கதை வேறு. அவர் மலேசியர், கணவர் வெளிநாட்டவர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகத் தானாகக் குடியுரிமை கிடைக்காத காலம் அது. மலேசிய அரசியலமைப்பின் பிரிவு 15(2)இன்கீழ் விண்ணப்பித்து, பல வருடம் அலைந்து வாங்கியிருக்கிறார். இதை மாற்றும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 அக்டோபர் 17ஆம் தேதிதான் மக்களவையில் நிறைவேறியது. அன்று செய்தி பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா வழி என்பதால் எனக்குச் சும்மா கிடைத்ததை எத்தனை அம்மாமார்கள் கெஞ்சி வாங்கியிருக்கிறார்கள்!

எனக்கு ஆறு வயதாகும்போது பினாங்குக்குத் திரும்பிவிட்டோம். தம்பி இங்கே பிறந்தவன். அவன் அடையாள அட்டையில் நடுவிலுள்ள இரண்டு எண்கள் 07, அதாவது பினாங்கு. என்னுடையதில் வெளிநாட்டு எண். பள்ளியில் அதைப் பார்த்து, "நீ எந்த ஊர்?" என்று கேட்காத ஆள் இல்லை. தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் போய், தேங்காய் உடைத்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வலிக்கும்.

2017இல் படிக்க மெல்பர்ன் போனேன். யாரா நதியில் பிரின்சஸ் பாலத்துப் பக்கம் படகுக் கொட்டகைகள் வரிசையாக இருக்கும். சும்மா பார்க்கப் போனவளை ஏற்றிவிட்டார்கள். முதல் வாரமே கவிழ்ந்து, குளிர்கால ஆற்றில் விழுந்தேன். ஆனாலும் மறுநாள் விடியலில் மறுபடி அங்கேதான் நின்றேன். தனிப் படகு சுமார் எட்டு மீட்டர் நீளம். போட்டி விதிப்படி அதன் எடை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. அவ்வளவு லேசான ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், மூச்சு தப்பினாலே ஆடும். பார்ப்பவர்கள் கைவேலை என்று நினைப்பார்கள். உண்மையில் இருக்கை பின்னும் முன்னும் நகர, கால்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். இரண்டு துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீருக்குள் இறங்கிய முதல் நாள், படகுக்கடியில் நீர் சலசலத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் லைட்வெயிட், அதாவது எடை குறைந்தவர்களுக்கான பிரிவு. பெண்களுக்கு 59 கிலோ உச்சவரம்பு. பந்தயத்துக்கு ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு முன் எடை பார்ப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது அம்மா சுடுகிற தோசையை எண்ணி எண்ணிச் சாப்பிட்ட வருடங்கள் அவை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில் என் பயிற்சியாளர் 23 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். கூடவே, "எந்த நாட்டுக்காக என்று முடிவு பண்ணிவிட்டுக் கொடு" என்றார். ஒலிம்பிக் சாசனத்தின் 41ஆம் விதியை அப்போதுதான் படித்தேன். இரண்டு குடியுரிமை உள்ளவர் எந்த நாட்டை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒலிம்பிக்கிலோ, கண்ட, வட்டாரப் போட்டியிலோ, உலகப் போட்டியிலோ ஒரு நாட்டுக்காக இறங்கிவிட்டால், அடுத்த நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்கக் குறைந்தது மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் குறையலாம். மாறி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். சனிடா புஷ்புரே லாட்வியாவில் பிறந்தவர், அயர்லாந்துக்காக 2018, 2019 இரண்டு வருடமும் தனிப் படகில் உலகப் பட்டம் வென்றார். ஆனால் அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆஸ்திரேலியாவும்தான். மலேசியா அனுமதிப்பதில்லை.

எங்களைப் போலப் பிறப்பால் இரண்டும் வந்தவர்கள் 21 வயதில் ஒன்றை விட வேண்டும் என்பது இங்கே நடைமுறை. எனக்கு 21 ஆனது 2019 ஏப்ரலில். ஆஸ்திரேலியாவில் பொதுத் தேர்தல் மே 18. அங்கே வாக்களிப்பது கட்டாயம். வாக்காளர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகக் கடிதம் வந்தது. மலேசிய அரசியலமைப்பின் 24ஆம் பிரிவோ, வெளிநாட்டு அரசியல் தேர்தலில் வாக்களித்தால் குடியுரிமையைப் பறிக்கலாம் என்கிறது. ஒரு நாட்டில் கடமை, இன்னொரு நாட்டில் குற்றம் மாதிரி. நான் வாக்களிக்கவில்லை. 20 டாலர் அபராதம் வந்தது, கட்டினேன்.

அந்த நாட்களில் ஓர் இரவு அப்பாவை அழைத்து மணிக்கணக்காகப் பேசினேன். படகு, பயிற்சி வசதி, தேர்வுக் குழு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கடைசியில், "படகை மறந்துட்டு, எந்த ஊர்ல கிழவியாகப் போறேன்னு யோசிம்மா" என்றார். எனக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆற்றுப் பக்கமே போகமுடியவில்லை.

படிப்பு முடிந்து திரும்பியதும், ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட விண்ணப்பம் போட்டேன். வேறொரு குடியுரிமை கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், நாடற்றவராக விடமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், மலேசியக் குடியுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ்கள், எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல். கட்டு அப்படியே திரும்பி வந்தது. காரணம் என் பெயர். மெல்பர்ன் சான்றிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. மலேசிய ஆவணத்தில் என் பெயர், அ/பெ, பிறகு அப்பா பெயர். அவர்கள் கண்ணுக்கு இரண்டு பேர். ஜார்ஜ்டவுனில் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உட்கார்ந்து, இரண்டும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'அ/பெ' என்றால் 'மகள்' என்று விளக்கமும் சேர்த்தேன். தமிழ்ப் பிள்ளைகள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள், மாதக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

இரண்டாம் கட்டு போன கையோடு, 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கடிதமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பழைய எர்க் (துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரம்) ஒன்றை வாங்கி வீட்டு முன் தாழ்வாரத்தில் போட்டு, தினமும் இழுத்தேன். அதன் காற்றாடிச் சத்தம் கேட்டால் மணி ஆறு என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வார். அந்த வருடக் கடைசியில் கடிதம் வந்தது. நான்கே வரி. அம்மா அதைச் சாமி மேடையில் வைத்தார். நான் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறந்த ஊருக்கு இனி விசா எடுத்துத்தான் போக வேண்டும்.

அப்புறம் புத்ராஜெயா ஏரி. வாரக் கடைசியில் பஸ்ஸில் போய் வந்து, லைட்வெயிட் இரட்டையர் படகுக்கான தேர்வில் கலந்துகொண்டேன். இருக்கை இரண்டு, நான் மூன்றாவது. அடுத்த முறையும் அதே இடம். பாரிஸ் 2024க்குப் பிறகு லைட்வெயிட் ஒலிம்பிக்கிலிருந்தே போய்விட்டது. 59 கிலோவோடு பெரிய உடம்புக்காரர்களுக்கு எதிரே தனிப் படகில் ஜெயிப்பது கஷ்டம். நான் பந்தயத்தை விட்டேன். வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். கடப்பிதழை நினைத்து இல்லை, அந்த ஓர் இடத்தை நினைத்து. ஆனால் அந்த ஏரியில் ஒட்டிய பந்தயப் பட்டியலில் என் பெயர் அ/பெ-யோடு முழுசாக இருந்தது. அப்பா அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

அந்த அக்காவிடம் இப்போதைக்கு ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். ஜூனியர் போட்டி என்றாலும் எந்த நாட்டுச் சட்டையையும் மகள் போடும் முன், அது அந்த மூன்று வருடக் கணக்கில் வருமா என்று படகோட்டச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருகிற சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். மகளின் எல்லா ஆவணங்களையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.