இரவு பத்து மணிக்கு மேல் போடலாமாம்

நாங்கள் இருக்கும் அமெரிக்க ஊரின் கல்லூரி எஃப்.எம்.மில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழ்ப் பாட்டு போடுகிறேன். சம்பளம் கிடையாது. மைக் முன்னால் உட்காரும் முன்பு ஒரு வகுப்பு உண்டு. என் வயதில் பாதிகூட இல்லாத மாணவி ஒருவர் எடுத்தார். பாட்டு மாற்றுவதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம், எதைப் போடக் கூடாது என்பதற்கு முக்கால் மணி நேரம். முழு ஆபாசத்துக்கு எந்நேரமும் தடை. 'அநாகரிகம்' என்ற வகைக்கு மட்டும் இரவு 10 முதல் காலை 6 வரை விலக்கு.

இதற்கெல்லாம் மூலவர் ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞர். கெட்ட வார்த்தைகளைப் பற்றி அவர் பேசிய பேச்சை, 1973 அக்டோபர் 30 மதியம், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் ஒலிபரப்பியது. மகனோடு காரில் போன ஒரு அப்பா கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். ஒலிபரப்பு நிலையங்களுக்கு லைசென்ஸ் தரும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. அபராதம் போடவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது பார்த்துக்கொள்கிறோம் என்கிற மாதிரி கோப்பில் சேர்த்து வைத்தது. 1978ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அரசு பக்கம் நின்றது.

எஃப்.சி.சி.யில் யாரும் உட்கார்ந்து ரேடியோ கேட்பதில்லை. யாராவது புகார் கொடுத்தால்தான் எட்டிப் பார்க்கும். போர்ட்லாண்டின் கே.பி.ஓ.ஓ. என்ற சமூக வானொலி சிக்கியது அப்படித்தான். ராப் பாட்டுகளில் பெண்களைக் கேவலமாகப் பேசுவதைச் சாடி சாரா ஜோன்ஸ் பாடிய பாட்டை 1999ல் போட்டார்கள். சாடுவதற்காக அவர் எடுத்தாண்ட வரிகளே குற்றமாகிவிட்டன. 2001ல் 7,000 டாலர் அபராதம். ஜோன்ஸ் கோர்ட்டுக்குப் போனார். 2003ல் ஆணையமே, அது அநாகரிகம் இல்லை என்று உத்தரவைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் எந்த நிலையம் அந்தப் பாட்டைத் தைரியமாகப் போட்டிருக்கும்?

பெரிய ஆட்கள் கதை வேறு. கொச்சைப் பேச்சுக்குப் பேர்போன ரேடியோ தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் நிகழ்ச்சி விவகாரத்தில் அவரை ஒலிபரப்பிய நிறுவனம் 1995ல் 17 லட்சம் டாலர் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தது. 2006ல் அவர் சாட்டிலைட் ரேடியோவுக்கே போய்விட்டார். அங்கே இந்த விதி செல்லாது. அதே ஆண்டுதான் அபராத உச்சவரம்பு 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக ஏறியது. அவ்வளவு பணத்துக்கு எங்கள் நிலையத்தை மேஜை நாற்காலியோடு விற்றாலும் காணாது.

போன மாதம் நேயர் மாமா ஒருவர் ஒரு குத்துப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். இரட்டை அர்த்தம்தான், நம் கல்யாண வீடுகளில் குழந்தைகளே ஆடுவார்கள். மாணவியிடம் வரிகளை விளக்கினேன். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பத்து மணிக்கு மேல் ஒரு இடம் தரட்டுமா?" என்றார். மாமாவிடம் சொன்னேன்.

"ஏன்பா, ஒன்பதுக்கே நான் படுத்துடுவேனே! சரி, ஏதாவது பக்திப் பாட்டு போடு" என்று வைத்துவிட்டார்.