கொரொ கொரொவும் இரண்டு புள்ளிகளும்: ஜப்பானிய ஒலிக்குறிப்புகளுடன் மூன்று மாதம்

ஜப்பானிய மொழியை ஓராண்டு படித்த பிறகும், சிறுவர்க்கான ஒரு படக்கதையை என்னால் தடையின்றி வாசிக்க முடியவில்லை. இலக்கணம் புரிந்தது, வினைச்சொற்கள் புரிந்தன. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு முயலோ தவளையோ இரட்டைச் சொல் ஒன்றுடன் வந்து வழியை மறித்தது. ஆகவே விலங்குகளின் ஒலியையும் அசைவையும் காட்டும் சொற்களை மட்டும் தனியாகப் பயில்வது என்று முடிவு செய்தேன். 2007இல் வெளிவந்த ஜப்பானிய ஒலிக்குறிப்பு அகராதி ஒன்று தன் தலைப்பிலேயே 4500 என்ற எண்ணைத் தாங்கி நிற்கிறது என்பதால், முழுவதையும் கற்கும் ஆசையை முதல் நாளே விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் ஒலிகளுக்கு. காகம் அங்கும் 'கா கா' என்றே கத்துகிறது. ஆடு 'மே மே' என்கிறது. நாய்க்கு 'வன் வன்', பூனைக்கு 'ஞா ஞா', தவளைக்குக் 'கெரொ கெரொ', குருவிக்குச் 'சுன் சுன்'. இவற்றைவிட என்னை யோசிக்க வைத்தது, இவற்றைத் தொடர்ந்து வரும் வினை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும் என்று வினையிலேயே வேறுபாடு காட்டிப் பழகியவர்கள் நாம். ஜப்பானியத்தில் கனைத்தல், குரைத்தல் போன்ற சிலவற்றுக்குத் தனிச்சொல் உண்டு என்றாலும், பெரும்பாலான உயிர்களுக்கு ஒரே பொதுவினை போதும். எந்த விலங்கு, எப்படிக் கத்தியது என்பதை முன்னால் நிற்கும் ஒலிக்குறிப்பே சொல்லிவிடுகிறது.

மூன்றாம் வாரத்தில் வந்த இடறலுக்கு நானே காரணம். விரைவாக எழுதலாம் என்று அட்டைகளைத் தமிழ் எழுத்தில் தயாரித்திருந்தேன். பூனை தொண்டைக்குள் உறுமுவதற்கும் சில்வண்டின் ஒலிக்கும் ஒரே எழுத்துகளில் 'கொரொ கொரொ' என்று எழுதிவைத்து, அதில் பிழை இருப்பதை உணராமலே நாட்களைக் கடத்தினேன். பிறகு இணையவழி உரையாடல் வகுப்பில், எங்கள் பூனை மடியில் படுத்து உறுமுகிறது என்று சொல்ல நினைத்து, 'பூனை கொரொ கொரொ என்றிருக்கிறது' என்று சொன்னேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அவ்வளவு பருமனா?" என்று கேட்டார். கண் என்னும்போது வரும் வல்லொலிக் ககரத்துடன் சொன்னால், அது உருண்டு திரண்ட குட்டியைக் குறிக்குமாம். பேச்சில் 'குண்டு' என்னும்போது வருகிற ககரத்தைப் போட்டுத் திருத்திச் சொன்னேன். அப்போதும் அவர் தலையசைக்கவில்லை. அந்த வாக்கியத்தில் அது சோம்பிப் புரண்டு கிடப்பதைக் குறிக்கும், உறுமலைச் சொல்லத் 'தொண்டையை ஒலிக்கச் செய்கிறது' என்று முடிக்க வேண்டும் என்றார்.

ஜப்பானிய எழுத்தில் இந்த வேறுபாடு மேல்மூலையில் இடும் இரண்டு சிறு புள்ளிகள் மட்டுமே. புள்ளியில்லாத சொல் சிறிய, இலேசான பொருள் உருள்வதைக் காட்டும். புள்ளியிட்டால் பாறை உருளும், இடி முழங்கும். தவளையின் குரலும் புள்ளி சேர்ந்தவுடன் கனத்துக் கரகரக்கிறது. நம் எழுத்தில் அந்தப் புள்ளிகளுக்கு இடமில்லை. எழுதிய 40 அட்டைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஜப்பானிய எழுத்திலேயே மறுபடி எழுதினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

அசைவுச் சொற்களுக்கு வேறு முறையைக் கையாண்டேன். விலங்குக் காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டு, திரையில் காண்பதற்குரிய சொல்லை உரக்கச் சொல்வதே பயிற்சி. முயல் தாவினால் 'ப்யொன் ப்யொன்', வண்ணத்துப்பூச்சி பறந்தால் 'ஹிர ஹிர'. பாம்பு வந்தபோது என் வாயில் தானாக வந்தது 'ஸர ஸர'. அப்படி ஒரு சொல் ஜப்பானியத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஈரப்பிசுக்கில்லாத கூந்தலுக்கும் மெல்ல ஓடும் நீரோடைக்கும் உரியது. பாம்புக்கு 'ஞொரொ ஞொரொ'. நம் சரசர சருகின் மேல் காதில் விழுவதைச் சொல்கிறது. அவர்களின் சொல்லோ, ஓசையே இல்லாமல் உடல் வளைந்து வளைந்து நகர்வதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறது. சுவரில் பல்லி ஓடும்போதெல்லாம் இப்போது 'சொரொ சொரொ' என்று முணுமுணுக்கிறேன். வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையாது என்று தொல்காப்பியம் சொல்வதைப் பள்ளியில் படித்த எனக்கு, ஜப்பானியச் சொற்கள் பிரிவது பழகச் சற்று நாளாயிற்று. முயல் தொடர்ந்து தாவினால் இரட்டிக்கிறது, ஒரே தாவல் என்றால் 'ப்யொன்' என்று ஒருமுறை மட்டும் வருகிறது. உருள்வதும் அப்படியே: உருண்டுகொண்டே இருந்தால் 'கொரொ கொரொ', ஒருமுறை புரண்டு நின்றுவிட்டால் 'கொரொரி'.

பன்னிரண்டாம் வார முடிவில் 64 அட்டைகள் கையில் உள்ளன. ஒலிச்சொற்களில் தவறு அரிதாகிவிட்டது. ஆமையின் 'நொரொ நொரொ'வும் கரடியின் 'நொஸொ நொஸொ'வும் மட்டும் இன்னும் குழப்புகின்றன. முன்னது வேகக்குறைவு, பின்னது பெருத்த உடல் மெதுவாக அசைவது என்று அட்டையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். ஆனால் நேற்றுத் திரையில் நீர்யானை கரையேறியபோது, ஆமைக்குரியதைத்தான் சொன்னேன்.