டொங்கி கொங் இயந்திரத்தின் தகட்டுக்குப் படம் ஒட்டியது

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஸ்ரிக்கர் வெட்டி ஒட்டுவது என் தொழில். முச்சக்கர வண்டி, லாண்ட்மாஸ்ரர், மினிபஸ் என்று சில்லுள்ள எதற்கும் ஒட்டியிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், பரந்தனிலுள்ள தங்கள் வீட்டுக்கென்று காசு போட்டு விளையாடும் ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பி, பட்டன்கள் பொருந்திய அதன் கட்டுப்பாட்டுத் தகட்டுக்குப் புதிய படம் ஒட்டித் தரும்படி கேட்டபோது, வழக்கமான வேலைதானே என்றுதான் வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் வாகனத்து ஸ்ரிக்கருக்கு எதிரிகள் வெயிலும் மழையும். இந்தப் படத்துக்கு எதிரி விளையாடுபவரின் உள்ளங்கை. பொருளைத் தெரிவதிலிருந்து ஒட்டும் முறைவரை எல்லாமே அதனால் மாறிவிடுகின்றன.

இயந்திரம், நின்டெண்டோ நிறுவனம் 1981 இல் வெளியிட்ட டொங்கி கொங். நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஜோய்ஸ்ரிக் இடப்புறத்திலும், பாய்வதற்கான பட்டன் வலப்புறத்திலும் இருக்கும். ஆட்டம் முடியும்வரை இடக்கை ஜோய்ஸ்ரிக்கை விட்டு அகலாது. மணிக்கட்டுக்குக் கீழான சதைப்பகுதி தகட்டின் ஒரே இடத்தில் அழுந்தி உரசிக்கொண்டே இருக்கும். பழைய படத்தைப் பார்த்தாலே இது விளங்கியது: வலது மூலைகளில் நிறம் ஓரளவு மிஞ்சியிருக்க, ஜோய்ஸ்ரிக்குக்குக் கீழே இடப்பக்கம் மட்டும் மை முற்றாகத் தேய்ந்து, இரும்பு வெளிப்பட்டு, வியர்வையின் உப்பில் துருவும் பிடித்திருந்தது. இப்படியான இடத்துக்குச் சாதாரண வினைல் ஸ்ரிக்கர் நெடுநாள் நின்றுபிடிக்காது. பொலிகாபனேற் தாளின் அடிப்பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டு, மேற்பக்கத்தைச் சற்றுச் சொரசொரப்பாக விட்ட தாளே ஏற்றது. கை தேய்ப்பது பிளாஸ்ரிக்கைத்தான், மையை அல்ல. மச்சான் அப்படியான ஒன்றையே அங்கிருந்து வாங்கி அனுப்பியிருந்தார். (இயந்திரம் 120 வோல்ற் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்; எங்கள் 230 வோல்ற்றில் நேரடியாகப் பொருத்தக்கூடாது.)

ஒட்டுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சந்தான். தகட்டை ஆயத்தப்படுத்துவதுதான் உண்மையான வேலை. பழைய படத்தைக் கழற்றுவதற்கு முன்னரே அதன் ஓரங்களும் துளைகளும் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்பதைப் படம்பிடித்து, மெல்லிய கடதாசியில் வரைந்தும் வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பின் அந்த அளவுகளைச் சொல்ல எவருமில்லை. பிறகு ஹீற் கன்னால் ஒரு மூலையைச் சூடாக்கி, தாளை மேல்நோக்கி இழுக்காமல், வந்த பக்கமே மடித்துத் தாழ்வாக இழுத்தால், பசையின் பெரும்பகுதி தாளோடு சேர்ந்து வந்துவிடும். எஞ்சிய பசையைத் தின்னர் நனைத்த துணியைச் சற்று நேரம் மூடிவைத்து ஊறவிட்டுத் துடைக்கலாம். கடைகளில் காசுக்கு ஓடிய காலத்தில் யாரோ பூட்டோ வேறு பட்டனோ பொருத்துவதற்காகத் துளைத்த மேலதிகத் துளைகளும் இந்தத் தகட்டில் இருந்தன. அவற்றுக்குப் பின்புறம் ரேப் ஒட்டி, ரிங்கரிங் கடைகளில் வாகன உடலுக்குப் பூசும் ஃபில்லரால் நிரப்பி, காய்ந்ததும் 80, 240, 400 என்ற இலக்கங்களில் சாண்ட் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்த்தேன்.

தேய்த்தது போதுமா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நுனிவிரலை மெதுவாக ஓட்டினால், நிரப்பிய துளையின் விளிம்பு மயிரளவு உயர்ந்திருந்தாலும் விரல் அதில் தட்டும். விரல் கண்டுபிடித்த மேட்டை, ஒட்டிய பின் சாய்வெளிச்சத்தில் படமும் காட்டிக்கொடுக்கும். துருவையும் ஒரு பொட்டுக்கூட விடாமல் சுரண்டி எடுத்து, பிறைமரும் பெயின்ற்றும் மெல்லியதாக அடிக்க வேண்டும். பெயின்ற் தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமல்ல. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துத் தின்னர் மணம் இருந்தால், அது இன்னும் ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மேலே தாளை ஒட்டினால், வெளியேற வழியில்லாத ஆவி நாளடைவில் கொப்புளங்களாக எழும்.

இயந்திரம் வந்தது சோளகக் காற்று வீசும் காலம். அந்த மாதங்களில் வன்னியின் கிரவல் ஒழுங்கைகளில் ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே புழுதி வீட்டுக்குள் வந்துவிடும்; பசைக்கும் தகட்டுக்கும் இடையில் அகப்படும் ஒரே ஒரு மணல் துகள் ஒரு பருவைப்போல என்றைக்கும் தெரியும். வெயில் ஏறினால் இரும்பு சூடேறி, பசை தொட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும். ஆகவே காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில், கதவுகளைச் சாத்தி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கடையில் என்னோடு நிற்கும் தம்பி, "அண்ணை, சவர்க்காரத் தண்ணி அடிப்பமே?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை; பெரிய வினைல் ஸ்ரிக்கரை அப்படித்தான் ஒட்டுகிறோம், தாளை நகர்த்திச் சரிசெய்ய அது இடந்தரும். ஆனால் வினைல் தாள் வளைந்து, தண்ணீரைத் தள்ளி வெளியேற்ற விடுவதைப்போலத் தடித்த பொலிகாபனேற் விடாது. அகப்பட்ட நீர் துளைகளின் ஓரத்து வெறும் இரும்பைத் துருவேற்றும். அத்தோடு எங்கள் பகுதிக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு மிஞ்சும். ஈரமாகத்தான் ஒட்டுவேன் என்று நிற்பவர்கள், பற்றரிக்கு ஊற்றும் வடிநீரையாவது பயன்படுத்த வேண்டும்.

உலர்ந்த முறையில், தாளைப் பசைமூடியோடு (பசையை மூடியிருக்கும் கடதாசியோடு) தகட்டில் வைத்து, வரைந்துவைத்த அளவுகளுக்குச் சரிபார்த்து, நடுவில் குறுக்காக மறைப்பு ரேப் ஒன்றை ஒட்டிக்கொள்வோம். ஒரு பாதியைத் தூக்கி, அந்தப் பாதியின் பசைமூடியை மட்டும் வெட்டி அகற்றி, துணி சுற்றிய பிளாஸ்ரிக் தகட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். தாள் தானாக விழுந்து ஒட்டக்கூடாது, அழுத்தும் கோடு வந்து சேரும்வரை அது தம்பியின் கையில் உயர்ந்தே இருக்க வேண்டும். பிறகு ரேப்பைக் கழற்றி மறுபாதி. முன்விளிம்பு கீழ்நோக்கி மடியும் தகடுகளில், மடிப்பின் மேல் மெல்லிய சூடு காட்டி வளைத்தால் தாள் பின்னர் எழும்பாது.

துளைகளை ஒட்டிய பின்னரே வெட்டினேன். தகட்டைக் கவிழ்த்து, புதிய அலகு போட்ட கட்டரால் துளையின் நடுவிலிருந்து விளிம்புவரை கீறி, பிறகு இரும்பின் ஓரத்தையே வழிகாட்டியாக வைத்துச் சுற்றிவர அறுத்தால் போதும். பட்டனின் கழுத்து அந்த ஓரத்தை மறைத்துவிடும். மழுங்கிய அலகு பொலிகாபனேற்றில் வெடிப்பை உண்டாக்கும், அந்த வெடிப்பு நாளடைவில் நீளும்.

இவ்வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர ஏறத்தாழ 72 மணித்தியாலம் எடுக்கும் என்பதால், அதற்கு முன் பட்டன்களைப் பொருத்த மச்சானின் தாயார் எவ்வளவு அவசரப்படுத்தியும் நான் இசையவில்லை. பொருத்தும்போதும் நட்டை விரலால் இறுக்கி, சாவியால் ஒரு கால் சுற்று மட்டும் கொடுத்தேன். அதற்கு மேல் இறுக்கினால் பட்டனின் கழுத்து தாளைத் திருகிச் சுருக்கும். மேலே ஒரு கண்ணாடித் தகடும் போடலாமா என்று மச்சான் தொலைபேசியில் கேட்டார். ஜோய்ஸ்ரிக்கின் உயரம் குறையும், இடையில் புழுதியும் வியர்வையும் தங்கும் என்று வேண்டாமென்றேன். இன்னும் சில வருடங்களில் தேய்ந்தால், இன்னொரு தாள் வாங்கி அனுப்பட்டும், ஒட்டித் தருகிறேன்.